குட்டியின் வால் விஷயமாக மாப்பிள்ளைக்கு

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். தாங்களும் என் மகளும் புது ஊரில், புது வேலையில், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்துவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தாங்கள் குட்டி என்று பெயர் வைத்து எங்களிடம் விட்டுப்போன நாய், பெயரைத் தவிர வேறெதிலும் குட்டியாக இல்லை. அது சோபாவில் படுத்தால் நாங்கள் இருவரும் தரையில்தான் உட்கார வேண்டும். போகட்டும். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு மாமா, உங்களால முடியலேன்னா சொல்லுங்க, அவருக்கே கொடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தீர்கள் அல்லவா? அந்த நல்ல மனிதரை இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வண்டியோடு அனுப்பிவைக்கவும். காரணத்தைக் கீழே விளக்கியிருக்கிறேன். விளக்கம் எனக்கே சரியாக விளங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற அவசரத்தில், "அது வாயால பேசாது மாமா, வாலால பேசும். வாலைப் பாத்துக்கிட்டாப் போதும்" என்று சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சர்வீஸ் முழுக்க ரயில்வே சிக்னல் கேபினில் கழித்தவன் நான். கம்பத்தின் கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்க வேண்டும், கீழே சாய்ந்திருந்தால் போகலாம். இதில் ஒருநாளும் தப்புப் பண்ணாதவனுக்கு ஒரு நாயின் வாலா பெரிய விஷயம் என்று இருந்துவிட்டேன். மறுநாளே குட்டியைக் குளிப்பாட்ட வாளியோடு போனேன். வால் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. சரி, லைன் கிளியர் என்று தண்ணீரை ஊற்றினேன். அது உதட்டை நக்கியது, பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். கொட்டாவி விட்டது, தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த செம்பு ஊற்றுவதற்குள் வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய என்னை ஒரு பார்வை பார்த்து, வாளியைத் தள்ளி, ஹாலைத் தாண்டி, தங்கள் அத்தை அப்போதுதான் துவைத்த விரிப்பு போட்டிருந்த கட்டிலில் ஏறி உடம்பை உதறியது. போன் போட்டால் தாங்கள், "வால் இறங்கினா பயம் மாமா, கொட்டாவி விட்டா பதற்றம்" என்கிறீர்கள். எங்கள் கேபினில் கொட்டாவி விட்டவர்களெல்லாம் அடுத்து தூங்கத்தான் செய்தார்கள். பயந்து கொட்டாவி விட்டவரை நான் பார்த்ததில்லை.

அதே போனில் இன்னொன்றும் சொன்னீர்கள்: வால் வலது பக்கம் அதிகம் ஆடினால் சந்தோஷம், இடது பக்கம் அதிகம் ஆடினால் கவலை. அன்றிலிருந்து குட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். அது இடது பக்கம் ஆட்டும்போதெல்லாம் பாவம், கவலைப்படுகிறது என்று போய்த் தடவிக்கொடுத்தேன். வலது பக்கம் ஆட்டினால், சந்தோஷமாக இருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுந்து போய்விட்டேன். பல நாள் கழித்து தங்கள் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வலதுன்னா யாரோட வலது? உங்களுதா, அதோடதா?" என்று கேட்டாள். எனக்குத் தலை சுற்றியது. எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் என் இடம் அதற்கு வலம் அல்லவா! இத்தனை நாளும் அது சந்தோஷப்பட்டபோது ஆறுதல் சொல்லியிருக்கிறேன், கவலைப்பட்டபோது தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். சரி, பின்னாலிருந்து பார்ப்போம் என்று பின்னால் போய் நின்றால், இவன் என்ன செய்கிறான் என்று அது திரும்புகிறது. நான் இந்தப் பக்கம் சுற்ற, அது அந்தப் பக்கம் சுற்ற, ஹாலில் நாங்கள் இருவரும் வட்டமடிப்பதைப் பார்த்த தபால்காரர், கையெழுத்துகூட வாங்காமல் கவரை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது விஷயத்தின் வேருக்கு வருகிறேன். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர், ஒழுகுகிற குழாயைப் பார்க்க ஸ்பானரோடு வந்தார். குட்டி எழுந்து நின்றது. வால் கம்பு மாதிரி மேலே நிமிர்ந்து, நுனி மட்டும் படபடவென்று ஆடியது. வலதும் இல்லை, இடதும் இல்லை. இப்படி ஒரு சிக்னலை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஆடுகிற வால் ஆடுகிற வால்தானே? "பாருங்க, உங்களைப் பிடிச்சுப்போச்சு, வாலாட்டுது. தைரியமாத் தலையில கை வைங்க" என்று நானே சொன்னேன். வைத்தார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சட்டையின் ஒரு கை குட்டியின் வாயில் இருந்தது. "மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும்" என்று சொல்லிவிட்டு, குழாயைப் பார்க்காமலே மாடி ஏறிவிட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

"உடம்பெல்லாம் விறைச்சு நின்னுச்சு, காது முன்னால வந்துச்சு, வாயை இறுக்கி மூடிக்கிச்சு. நீங்க வாலை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள் தங்கள் அத்தை. முன்பே சொல்லக்கூடாதா என்றேன். "நீங்க கேக்கலையே" என்றாள். கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே மாப்பிள்ளை, இந்த வயதில் வீட்டை மாற்ற என்னால் முடியாது. அந்த ஆபீஸ் நண்பரை அனுப்பவும். அவரிடம் சில விஷயங்கள் சொல்லவும். சோறு வைத்துவிட்டு நகரக் கூடாது, பக்கத்தில் நின்றால்தான் சாப்பிடும். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும், யாராவது தரையில் படுத்து அதனோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். என்ன பேசினாலும் பரவாயில்லை, நான் பழைய ரயில் நேரங்களைச் சொல்வேன். அவர் நல்ல மனிதர்தானே?

தாங்களும் மகளும் எல்லா நலமும் பெற்று, எங்களை அடிக்கடி போனில் திட்டிக்கொண்டு, நீடூழி வாழ மனமார வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கவரை ஒட்டிவிட்டு, அந்த நண்பருக்குச் சிரமம் வேண்டாமே என்று குட்டியின் தட்டு, சங்கிலி, விரிப்பு எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்தேன். குட்டி வந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. பிறகு என் காலில் தன் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றது. வால் ஆடவே இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று தங்கள் அத்தையிடம் கேட்டேன், இந்தத் தடவை கேட்டேன். "அது கிடக்கட்டும். உங்களுக்கு ஒரு வால் இருந்தா இப்ப எங்க இருக்கும்னு எனக்குத் தெரியுது" என்றாள். அவ்வளவுதான் மாப்பிள்ளை. நேரே மாடிக்குப் போய், நாங்களே காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். கவர் ஒரு வாரமாகச் சட்டைப்பையிலேயே கிடந்தது, இன்றுதான் பிரித்து இதை எழுதுகிறேன். அந்த நண்பரிடம் நாய் இல்லை என்று சொல்லிவிடவும். ஒரு லாரி பட்டறைக்குப் பின்னால் சின்ன வீடு கிடைத்திருக்கிறது. இரைச்சல்தான், ஆனால் அந்த வீட்டுக்காரர் தங்கமான மனிதர், நாய் இருந்தால் பரவாயில்லை என்கிறார், அவரே ஒரு பூனை வளர்க்கிறார். நேற்று குட்டியோடு வீடு பார்க்கப் போனபோது, அந்தப் பூனை குட்டியைப் பார்த்ததும் காதைப் பின்னால் மடக்கி, முதுகைத் தூக்கி, வாலை நன்றாக வீசி வீசி ஆட்டியது. பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். சரிதானா என்று உடனே போன் செய்யவும்.