எங்கள் பிள்ளையாருக்கு வேர்த்த கதை

கைவேலை ஒன்று நன்றாக அமைந்துவிட்டால், அதைச் செய்தவருக்கு அன்று முழுக்க மூளை வேலை செய்யாது. எனக்கு ஒரு கிழமைக்கு மேல் வேலை செய்யவில்லை.

ஹந்தானையில் எங்கள் சனசமூக நிலையத்தில் பெண்களுக்குச் சவர்க்காரம் செய்யப் பழக்கினார்கள். மருமகள் கலா போனாள். நானும் கூடப் போனேன். (வீட்டில் டீவி பழுது. வேறு ஆசை ஒன்றும் கிடையாது.) கண்ணாடி மாதிரி ஒரு கட்டி தருவார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, வாசம் விட்டு அச்சில் ஊற்ற வேண்டும். கொதிக்க விடக்கூடாது, அவ்வளவுதான். பால் டொபிக்குப் பாகு பார்த்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

மற்றவர்கள் ரோசாப்பூ, மீன் என்று அச்செடுத்தார்கள். நான் பிள்ளையாரை எடுத்தேன். சந்தன வாசம் விட்டேன். இறுகினதும் கழற்றினேன் பாருங்கள், பளிங்கு தோற்றது! தும்பிக்கை நுனிகூட உடையவில்லை. இவரை எடுத்து யார் அக்குளில் தேய்ப்பார்கள் என்ற யோசனை மட்டும் எனக்கு வரவேயில்லை.

பழக்க வந்த மிஸ் சொன்னார்: "அம்மா, ஒடனே பொலித்தீன் சுத்திருங்க. இது காத்துல இருக்க ஈரத்த இழுக்கும். மழை பேஞ்சா வேர்த்துக் கொட்டும்."

"சாமிக்குப் பொலித்தீன் சுத்துறதா? மூச்சு முட்டாதா மிஸ்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை கலாவின் அம்மா, என் சம்பந்தி, கெலிஓயாவில் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினார். அவர் லேசில் எதையும் மெச்சமாட்டார். என் மகன் கல்யாணத்தில் நான் வைத்த சாம்பாரைக் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கு" என்றவர். (நான் மறக்கவில்லை.) அவரிடம் பிள்ளையாரைப் பட்டுத்துணியில் சுற்றித் தட்டோடு நீட்டினேன்.

"நானே செஞ்சது சம்பந்தி."

முகர்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அம்மாடி! ஒங்க கையில இப்பிடி ஒரு வேலையா?"

அந்த வாயிலிருந்து! சவர்க்காரம் என்று சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினேன். சொன்னால் மெச்சியதைத் திருப்பி வாங்கிக்கொள்வாரே. பிள்ளையார் நேரே சாமித்தட்டில் ஏறினார்.

அடுத்த கிழமை மழை பிடித்தது. போன் வந்தது.

"சம்பந்தி, பொறப்பட்டு வாங்க! நீங்க குடுத்த பிள்ளையாருக்கு வேர்க்குது! நெத்தியெல்லாம் முத்து முத்தா நிக்கிது!"

பஸ்ஸில் கலா என் பக்கம் திரும்பவேயில்லை. கடைசியில் சொன்னாள்: "அத்த, எங்கம்மா தெருவுக்கே சொல்லிட்டாங்க. நீங்களே உண்மையச் சொல்லிருங்க. இல்லாட்டி அந்தப் புது எடத்துல அவங்க தல நிமுர முடியாது."

போனால் வாசல் நிறையச் செருப்பு. கூடத்தில் கற்பூரப் புகை. நடுவில் தாம்பாளத்தில் என் பிள்ளையார். வேர்வையைத் துடைத்துத் துடைத்து ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். கோயில் ஐயர் பாலும் தண்ணீரும் வைத்துக்கொண்டு அபிஷேகத்துக்கு உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தியின் சேலையை இழுத்தேன். "தண்ணி மட்டும் வேணாம் சம்பந்தி. ஒரு பூ வச்சிக் கும்புட்டாப் போதும்."

"ஏன், ஒங்க வீட்டுல வேர்க்காம எங்க வீட்டுல வேர்த்துருச்சேன்னு பொறுக்கலியா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நல்லாவே ஊத்துங்க சாமி!" என்றேன். (ஆமாம், நானேதான்.)

ஐயர் ஊற்றினார். பக்தியோடு தேய்த்துக் கழுவினார். தொப்பையில் கிளம்பிய நுரை தாம்பாளம் நிறைந்து பாயில் வழிந்தது. "அரோகரா!" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐயர் தன் கையைப் பார்த்தார். முகர்ந்தார்.

"ஏம்மா, இது சவுக்காரமா?"

சம்பந்தியின் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது.

"சவுக்காரந்தாங்க சாமி. நாந்தான் பெருமைக்குச் சொல்லாம விட்டுட்டேன். எங்க சம்பந்திக்கு ஒண்ணுந் தெரியாது."

"வேர்த்தது?"

"மழைக்குங்க."

சம்பந்தி என்னைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், பிறகு தெருச்சனத்தின் பக்கம் நிமிர்ந்தார். "இருந்தா என்ன இப்ப? தொட்டுக் கும்புட்டா கை அழுக்குப் போற சாமி ஒங்க யாரு வீட்டுலயாச்சும் இருக்கா?"

முதலில் சிரித்தது ஐயர்தான். பிறகு கூடமே சிரித்தது.

சாமியைத் தேய்க்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. நானும் சம்பந்தியும் குடை பிடித்துக்கொண்டு போய் மகாவலியில் கரைத்தோம். நுரை போன திசையைப் பார்த்து அவர் சொன்னார்: "பேராதனையில இப்பக் குளிக்கிறவன் குடுத்து வச்சவன்."

இன்றைக்கும் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்தால், கை கழுவும் இடத்தில் இருக்கும் சவர்க்காரத்தைக் கும்பிட்டு, "வேர்க்குதா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். பேரப்பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலும் கும்பிட்டிருக்கிறார்கள். டீச்சர் கலாவைக் கூப்பிட்டு, "வீட்டுல இது என்ன மாதிரி வழிபாடுங்க?" என்று விசாரித்தாராம்.