பூசை போட்ட லேபிளை நிறுத்தியது பற்றி

சிவகாசி,
12.9.2004

மதிப்பிற்குரிய காளிராஜ் அத்தானுக்கு,

வெள்ளைத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், உங்கள் அச்சகமும் நலம். விருதுநகரில் அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பட்டாசுக் கம்பெனி பெத்தணன் அண்ணாச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் புரூஃப் பார்க்க இனி வர வேண்டாம் என்று போனில் சொன்னீர்கள். கேட்க மாட்டேன்.

அண்ணாச்சியின் புஸ்வாண லேபிளில், கொளுத்தும்போது 'லூஸ்' உடையைத் தவிர்க்கவும் என்று இங்கிலீஷில் இருக்க வேண்டும். ஓர் 'ஓ' விழுந்துபோய், உடையை இழப்பதைத் தவிர்க்கவும் என்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் திருத்திய புரூஃபை விட்டுவிட்டுப் பழையதில் பிளேட் போட்டிருக்கிறார்கள். நான் பார்ப்பதற்குள் முதல் தாளுக்குச் சந்தனம் தடவி, சாமி படத்தின் கீழே வைத்து, சூடமும் காட்டியாயிற்று. பூசை போட்ட பிளேட் ஆர்டர் முடியும்வரை இறங்காது என்பது நம் அச்சகத்து வழக்கம். நிறுத்தச் சொன்னேன். மெஷின் ஓட்டும் ஊர்க்காவலன், "சாமி பாத்த தாளையா நிறுத்துறது?" என்று கையைக் கட்டிக்கொண்டார். நானே சுவிட்சை அணைத்தேன். லேபிள் வாங்க வந்து நின்ற அண்ணாச்சி கொதித்துவிட்டார்.

"சீசன் நேரத்துல நிறுத்துறீகளேம்மா! துணியத் தொலைக்காதேன்னு போட்டா அதுவும் நல்ல புத்திதான? இத எவன் படிக்கப்போறான்?"

"ஒருத்தனாவது படிப்பான் அண்ணாச்சி. அவன் வீட்டுப் பிள்ளை பாவாடைல தீ பிடிக்காம இருக்கணும்."

"சாமியே பாத்துட்டுச் சும்மா இருந்துச்சே?"

"சாமிக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா அதுவே சுவிட்சை அணைச்சிருக்கும்."

இதைத்தான் அவமரியாதை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அத்தான், போன மாதம் ஜியோமெட்ரி நோட்டு அட்டையில் 'ஆங்கிள்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏஞ்சல்' வந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி இரண்டு எழுத்து இடம் மாறியதில் கோணம் தேவதையாகிவிட்டது. அவளைக் கிளப்பிவிட்டபோது யாரும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. ஒன்றுபோலத் தெரிகிறவற்றைப் பிரித்துப் பார்க்கத்தானே என்னை வைத்திருக்கிறீர்கள்? வேலை போனாலும் போகட்டும். அந்த லேபிள் போகாது.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். மன்னிப்பு யாருக்கும் இல்லை.

இப்படிக்கு,
வெள்ளைத்தாய், எம்.ஏ.

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் திருத்திய பிளேட் வந்துவிட்டது. நிறுத்தியவர் கையாலேயே மறுபூசை போட்டு, சாமியிடம் மன்னிப்பும் கேட்டால்தான் மெஷினைத் தொடுவேன் என்றார் ஊர்க்காவலன். லேபிள் சரியாகப் போக வேண்டுமே என்று தேங்காய் உடைத்தேன். உள்ளே பூ இருந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், தின்றது நான். சாமியை 'நீ' என்று கூப்பிடும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. அதனால் "மன்னிச்சிருங்க" என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன். படத்துக்கு அருகில் நின்ற அண்ணாச்சி நெகிழ்ந்துபோய், "விடுங்கம்மா, நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார்.

அதை மட்டும் நான் திருத்தவில்லை. நாளை வேலைக்கு வருகிறேன்.