மூன்றடி மீன்தொட்டியும் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸும்

அன்பும், அதைவிட முக்கியமாகப் பொறுமையும் நிறைந்த சின்ன மருமகளுக்கு, உன் மாமனார் மனமார்ந்த ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே மனிதர்கள் அனைவரும் சுகம். மற்றவர்களைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. சின்னவன் பக்கத்தில் இருந்தால் இப்போதைக்கு அவனுக்குக் காட்டாதே. அவன் சிரிப்பான், எனக்குப் பிடிக்காது.

போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் முதல் கேள்வியே "மீனெல்லாம் எப்படி இருக்கு மாமா?" என்பதுதான். பதினோரு வாரமாக நானும் "அதுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு" என்று சொல்லிவருகிறேன். வீடியோவில் தொட்டியைக் காட்டச் சொன்ன போதெல்லாம் நெட்வொர்க் போய்விட்டதே, அது நெட்வொர்க் இல்லையம்மா, நான்தான். இனி இரண்டு வாரத்தில் நீங்கள் வந்து இறங்கிவிடுவீர்கள். நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மீன் கதைக்கு முன்னால் நமக்குள் ஒரு பேச்சு பாதியில் நிற்கிறது. நீங்கள் இரண்டு பேரும் பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், ஹாலில் எல்லாரும் இருக்கும்போது நீ என் எதிரே வந்து நின்று, திரும்பி வந்ததும் தனியாக ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாய். என் மகன் உனக்குப் பின்னால் நின்று மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். நான், "ஏம்மா, இந்த வீட்ல உனக்கு இடமில்லன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். நீ, "இடம் இருக்கு மாமா, ஆனா..." என்று ஆரம்பித்தாய். அதற்குள் பெரியவனின் பிள்ளைகள் இரண்டும் ரிமோட்டுக்காகக் கட்டிப்புரண்டு உன் மேலேயே வந்து விழுந்ததில், அந்த "ஆனா"வுக்கு அப்புறம் என்ன என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. எனக்கும் முறுக்கு ஏறிவிட்டது. மறுநாள் நீங்கள் கிளம்பும்போது வாசலுக்குக்கூட வராமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அது முந்தின நாள் பேப்பர் என்பதை நீயும் பார்த்தாய்.

நான் பஸ் கண்டக்டராக முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். வண்டிக்குள் நாற்பத்தெட்டுப் பேர் உட்கார, இருபத்தைந்து பேர் நிற்க என்று பெயிண்டில் எழுதியிருக்கும். பெயிண்ட் அடித்தவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதே வண்டியில் நூற்றுப்பத்துப் பேரை ஏற்றி, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல ஃபுட்பால் ஆடலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஓட்டியவன் நான். வண்டி நிறைந்துவிட்டது என்ற வார்த்தை என் வாயில் வந்ததே கிடையாது. காலை மிதித்துவிட்டான் என்று முதல் நிறுத்தத்தில் சட்டையைப் பிடிக்கிறவர்கள், மூன்றாவது நிறுத்தத்தில் ஒருவர் குழந்தையை இன்னொருவர் மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள் என்பது என் சர்வீஸில் நான் கண்ட உண்மை. வீட்டையும் அப்படித்தான் நடத்தினேன். மூன்று அறையில் ஒன்பது பேர். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து மூன்றாவது வருஷமாகத் தங்கியிருக்கிற உன் அத்தையின் தம்பி, நாம் எல்லாரும் பத்துநாள் என்று கூப்பிடுகிறோமே, அவனையும் சேர்த்து.

இப்பேர்ப்பட்டவனிடம் நீ தொட்டியை ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சீட்டையும் ஒட்டிவிட்டுப் போனாய். ஒரு சிட்டிகை தீனி, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவது, ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவக் கூடாது, சந்தேகம் இருந்தால் போன் பண்ண வேண்டும், இந்த நாலையும் ஒழுங்காகப் படித்தேன். ஐந்தாவதாக, "புது மீன் எதுவும் சேர்க்க வேண்டாம் மாமா" என்று இருந்ததைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மூன்றடி நீளத் தொட்டி. உள்ளே உன் ஏஞ்சல் ஜோடி, தரையில் மேய்கிற கோரி மீன் நாலு, ஆக மொத்தம் ஆறு பேர். முழு வண்டியும் காலியாக ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கண்டக்டர் எப்படியம்மா சும்மா இருப்பான்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இடம் என்றால் என்னவென்று இவளுக்குக் காட்டுகிறேன் பார் என்கிற வீம்பும் இருந்தது.

கடைத்தெருவில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறாரே ஒரு அம்மா, அவரிடம் போனேன். மீன் கேட்டால் மீனைக் கொடுப்பதுதானே வியாபாரம்? அந்தம்மா போலீஸ் விசாரணை நடத்துகிறார். தொட்டி எத்தனை லிட்டர், ஏற்கெனவே உள்ளே யார் யார், வளர்ந்தால் எவ்வளவு பெரிதாவார்கள், குணம் எப்படி என்று ஒன்று விடாமல் கேட்டார். லிட்டரை இரண்டு மடங்காகச் சொன்னேன். குணத்துக்கு, எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்க, தங்கமானவங்க என்றேன். ஏஞ்சல் இருப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நகக்கண் அளவில், நீலக்கோடு மின்னுகிற நியான் மீன் பத்து வாங்கிவந்து விட்டேன். மறுநாள் தலை எண்ணினால் ஏழு. அதற்கு மறுநாள் மூன்று. ஓடுகிற வண்டியில் பத்து டிக்கெட் கிழித்த இடத்தில் மூன்று தலை இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? சோபாவுக்கு அடியில் தேடினேன், உன் அத்தையை ஸ்டூலில் ஏற்றி அலமாரிக்குப் பின்னால் பார்க்கச் சொன்னேன். நாலாம் நாள் காலையில் உன் ஏஞ்சல் ஒன்றின் வாயோரம் நீலமாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே அதை விழுங்கியது. உன் அத்தையைத் தவிர இந்த வீட்டில் யாரும் என்னை அவ்வளவு அலட்சியமாகப் பார்த்ததில்லை.

சரி, பொடிசுகளை ஏற்றியதுதான் தப்பு, தன் இடத்துக்குச் சண்டை போடத் தெரிந்தவர்களாக ஏற்றுவோம் என்று, உடம்பெல்லாம் பட்டை போட்ட டைகர் பார்ப் ஆறு வாங்கினேன். இந்தத் தடவை வேறு கடை. அங்கே கேள்வியே கிடையாது. படியில் தொங்கிக்கொண்டு வருகிற கல்லூரிக் கூட்டம் தெரியுமில்லையா, அதே ரகம். வந்த அரைமணி நேரத்தில் உன் ஏஞ்சல்களின் நீளநீளமான துடுப்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தன. இழுத்துவிட்டு ஓடுவது, திரும்ப வந்து இழுப்பது. இது முதல் நிறுத்தம்தானே, மூணாவது நிறுத்தம் வரட்டும், தானாக அடங்கும் என்று நானும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பழைய விசிலை எடுத்து ஒருமுறை ஊதியும் பார்த்தேன். மீன் திரும்பவில்லை, மாடிவீட்டு நாய்தான் வந்தது.

வண்டியில் சத்தம் அதிகமானால் நாலு பெரிய மனிதர்களை ஏற்றினால் அடங்கிவிடும் என்று தங்கமீன் இரண்டைச் சேர்த்தேன். அவை பெரிய மனிதர்கள்தான், சாப்பிடுவதும் கழிப்பதும் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பத்துநாள் எங்கிருந்தோ ஒரு ஜாம் பாட்டிலில் மூன்று கப்பி மீனைக் கொண்டுவந்து, சும்மா இருக்கட்டும் மாமா என்று கவிழ்த்துவிட்டான். மூன்றும் கர்ப்பம். ஒரு காலையில் பார்த்தால் தொட்டி முழுக்கக் கண்ணும் வாலுமாகப் பொடிப்பொடியாக நீந்துகிறது. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொள்கிற சக்கர் மீன் ஒன்றையும் அவனே சிபாரிசு செய்து வாங்கவைத்தான். வரும்போது விரல் நீளம். இப்போது அரைச் சாணுக்கு மேல். சுத்தமும் செய்யவில்லை, ஒன்றும் செய்யவில்லை, நடுவில் படுத்துக்கொண்டு எல்லார் தீனியையும் தின்கிறது. பத்துநாள் அதன் எதிரே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். இருவருக்கும் நல்ல புரிதல்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் எல்லா மீனும் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாவம், பசி என்று நினைத்து உன் சிட்டிகையை மூன்று வேளையும் கைப்பிடியாக்கினேன். தண்ணீர் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்தது. உன் அத்தைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஃபில்டர் பஞ்சை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கசக்கி, வெயிலில் காயவைத்து, பளபளவென்று திரும்ப மாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டே நாள். ஒரு கோரி மல்லாந்துவிட்டது. உன் ஏஞ்சல்களில் பெரியது பக்கவாட்டில் சாய்ந்து, துடுப்பெல்லாம் கிழிந்து, செவுள் மட்டும் பட்பட்டென்று அடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நீ வளர்த்த மீன் அது. ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு செருப்புக்கூட மாட்டாமல் அந்தம்மா கடைக்கு ஓடினேன்.

அவர் ஒரு சின்னக் குழாயில் என் தண்ணீரை ஊற்றி ஏதோ மருந்து சொட்டுவிட்டார். கரும்பச்சையாக மாறியது. பச்சை கூடக்கூடத் தண்ணீரில் விஷம் அதிகமாம். அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கில், எல்லா உண்மையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கடைசியில் மட்டும் மனசு கேட்காமல், "எல்லாத்துக்கும் நிக்க இடம் இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, அதுங்க கழிக்கிற தண்ணியிலதான் அதுங்களே மூச்சு விடணும். பஸ்ல மூச்சு முட்டினா ஜன்னலத் திறக்கலாம், ஆகலன்னா இறங்கிக்கலாம். இதுங்க எங்க இறங்கும்?"

பஸ் எங்கிருந்து வந்தது என்று விழித்தேன். அவர் அதே குரலில் சொன்னார். "நான் எட்டு வருஷம் உங்க வண்டியிலதான் வேலைக்குப் போனேன். மூணாவது நிறுத்தம் வந்தா சரியாயிடும்னு சொல்வீங்களே, யாரும் சமாதானம் ஆகலீங்க ஐயா. திட்டுறதுக்கு மூச்சு இல்லாம நின்னோம்."

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் அந்தக் கடையில் முடிந்தது. ரிட்டையர் ஆன அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருக்கவில்லை. அவர் சொன்னபடி ஓடிவந்து, நல்ல தண்ணீர் வாளி ஒன்றில் காற்றுக்குழாயைப் போட்டு உன் ஜோடியை மாற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே மாடிப்படி தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படியில நிக்காதீங்க, படியில நிக்காதீங்க என்று ஊரையே விரட்டியவன் நான். என் மருமகள் இரண்டு வருஷமாகத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்க்கவில்லை. பரிசோதனைக்கூட வேலை முடிந்து வந்ததும் நீ தொட்டி முன்னால் அரைமணி நேரம் நிற்பாய். மீன் மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். உன்னை யாரும் எதுவும் கேட்காத இடம் இந்த வீட்டிலேயே அது ஒன்றுதான் என்று தோன்றவே இல்லை. அந்த "ஆனா"வுக்கு அப்புறம் என்ன என்று நான் இனிக் கேட்க வேண்டியதில்லை. தப்பு என் மேல்தான் அம்மா.

இப்போது நிலவரம் இது. உன் ஏஞ்சல் இரண்டும் பிழைத்துவிட்டன. துடுப்பு மெல்ல வளர்கிறது, பார்வை மட்டும் அதே அலட்சியம். கோரியில் மூன்றுதான் மிச்சம், மன்னித்துவிடு. போனதைப் பூந்தொட்டியில் புதைத்தோம். டைகரையும் தங்கமீனையும் கடைக்காரம்மாவே எடுத்துக்கொண்டார். கப்பிகளைத் தெருவில் வீட்டுக்கு நாலாகக் கொடுத்தேன். அவை அங்கேயும் தங்கள் வேலையைக் காட்டியதால், இப்போது நான் தெருவில் வந்தால் கதவைச் சாத்துகிறார்கள். சக்கரை யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். குளியலறை டிரம்மில் இருக்கிறது.

ஆகவே அம்மாடி, தனி வீடு பாருங்கள். சின்னவன் போனில் ஏதோ ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னானே, பிடித்திருந்தால் அதையே முடித்துவிடுங்கள். தொட்டியையும் எடுத்துக்கொண்டு போ, ஆறு மீனுக்கு மேல் விடாதே, நான் கெஞ்சினாலும் விடாதே. ஏற்ற மட்டுமே தெரிந்த கண்டக்டர் அரைக் கண்டக்டர்தான். இந்தத் தடவை வாசலில் நின்று நானே விசில் கொடுத்து உங்களை இறக்கிவிடுகிறேன். உன் அத்தை, பெரியவன் குடும்பம், பத்துநாள், மிச்சமிருக்கும் மீன்கள் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், விஸ்தாரமாக, கதவைச் சாத்தினால் சத்தம் வராத வீட்டில் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமனார்.

பி.கு.: இதை ஒட்டிய பிறகு, சும்மா வாசலில் நின்று பார்க்கலாமே என்று அந்த வீட்டுப் பக்கம் போனேன். காவலாளி சாவி வைத்திருந்தார். இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு பால்கனி, அதுவும் இரண்டே பேருக்கு. காலடி வைத்து அளந்தேன். ஹாலில் மட்டும் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், நடுவில் ஃபுட்பால் ஆடலாம். இதை வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. பெரியவன் பிள்ளைகள் பால்கனி யாருக்கு என்று இப்போதே அடித்துக்கொள்கின்றன. குளியலறை பெரிது என்று தெரிந்ததும் உன் அத்தை சக்கரின் டிரம்முக்கு மூடி வாங்கிவிட்டாள். அவள் தம்பி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறான். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். எனக்கென்று தனியாக எதுவும் வேண்டாம் அம்மா, ஜன்னலோரம் கொடுத்தால் போதும். பத்து நாள்தான்.