பஞ்சடைந்த மெஷினும் செல்லக்கனியின் மார்க் ஷீட்டும்

ராஜபாளையம்,
10.6.93, வியாழன்

பாசமும் மரியாதையும் மிகுந்த ஆலங்குளம் அத்தான் பொன்னுராஜ் அவர்களுக்கு,

மைத்துனன் ஞானதுரை தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் பரிபூரணம் அக்காவும் உங்கள் மகள் செல்லக்கனியும் சுகமாயிருக்கவும், சிமெண்டுத் தூசியில் உங்களுக்கு வரும் இருமல் குறைந்திருக்கவும் ஜெபிக்கிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. செல்லக்கனிக்காக நான் எடுத்துக் கொடுத்த சான்றிதழ் நகல்களை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 'படிக்க முடியவில்லை' என்று திருப்பியதையும், கணக்கில் அவள் வாங்கிய எண்பத்தெட்டு அதில் முப்பத்து மூன்றாகத் தெரிந்ததையும், பிள்ளை சாப்பிடாமல் அழுததையும், "கூடப் பிறந்தவன் செய்யுற வேலையா இது?" என்று அக்கா கேட்டதையும் படித்தேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் பேண்டேஜ் கம்பெனி ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் கடை வாசலில் போய் நின்றால் ஊரில் என்ன பேசுவார்கள்? அசலை மறுபடி அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் நல்ல நகல் போய்ச் சேராவிட்டால் இந்த வருஷம் சீட் இல்லை என்று எழுதினீர்களே, அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை, அத்தான்.

மதுரையிலிருந்து மெக்கானிக் வருவார் வருவார் என்று பார்த்தோம், வரவில்லை. ஆபீஸ் பியூன் பால்சாமி, "அண்ணாச்சி, பேப்பரு நமுத்துப் போச்சு. செத்த நேரம் வெயில்ல போட்டா அப்பளமா ஆயிரும்" என்று கட்டோடு மாடிக்குக் கொண்டுபோனான். அவன் சொன்னபடியே அப்பளமாகத்தான் ஆயிற்று. சுருண்ட தாள் உள்ளே போய் மாட்டிக்கொண்டது, இழுத்தால் பாதிதான் வந்தது, மீதியை எடுக்கக் கையை விட்ட நான் முழங்கை வரைக்கும் மைப்பொடியோடு எழுந்தேன், கழுவக் கழுவ அது கழுத்துக்கும் ஏறி, வீட்டில் கடைக்குட்டி என்னைப் பார்த்து அலறிவிட்டாள். மறுநாள் மேல்கண்ணாடியை என் துண்டால் துடைத்தேன். துண்டில் தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் இருந்தது எனக்கு ஞாபகமில்லை. அடுத்த நகலில் செல்லக்கனியின் பெயரைச் சுற்றி, படத்தில் பரிசுத்தவான்களுக்கு இருக்குமே, அதுபோல ஒரு ஒளிவட்டம்.

அப்போதுதான் மேனேஜர் சுந்தரபாண்டியன் வந்தார். "யோவ், தாளு கண்ணாடியில சரியா ஒட்டல, அதான் கலங்குது" என்று மூடியைத் தூக்கித் தம் கையாலேயே சான்றிதழை அழுத்திப் பிடித்தார். கையை எடுப்பதற்குள் பால்சாமி பட்டனை அமுக்கிவிட்டான். வந்த தாளைப் பார்த்து டைப்பிஸ்ட் கிருபாபாய், "ஐயோ, இது யாரு எக்ஸ்ரே? எலும்பு நொறுங்கியில்லா கெடக்கு!" என்று பதறினாள். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தச் சனியனை இந்த வாரத்தோட பழைய சாமான் கடைக்குத் தள்ளிருதேன். பொறவு எல்லாம் கார்பன் பேப்பர்தான்!" என்று போய்விட்டார்.

கார்பன் என்றதும் கிருபாபாய்க்கு உயிர் போய்விட்டது. விரல் நோகத் தட்ட வேண்டியவள் அவள்தானே. நேற்று மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றவள், தன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து என்னிடம் காட்டினாள்.

"அண்ணே, தறி ஷெட்டுலேர்ந்து எம்புட்டுப் பஞ்சு பறந்து வந்து நம்ம தலையில விழுது? மெஷினு மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டா இருக்கும்?"

கரண்டை நிறுத்தினோம். ஸ்குரூவைக் கழற்றி மேல்கண்ணாடியை மெதுவாகத் தூக்கினோம். பால்சாமி டார்ச் அடித்தான். உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது, அத்தான். அதன்மேல் அணில் கூடு கட்டியதுபோலப் பஞ்சு. பிறகு எங்கள் கம்பெனிக் கட்டுத்துணியையே கிழித்து, குழந்தைக்குக் கண் துடைப்பதுபோலத் துடைத்தாள் கிருபாபாய். மெஷினை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி, சேலைத் துணியில் ஒரு உறையும் போட்டாயிற்று.

கண்ணாடியை மாட்டி, கரண்டைப் போட்டு, உறையை விலக்கிப் பட்டனை அமுக்கினேன். எண்பத்தெட்டு எண்பத்தெட்டாகவே வந்தது! பால்சாமி கை தட்டினான். சத்தம் கேட்டு வந்த மேனேஜர் இரண்டு தாளையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏய்யா, இதுல எது அசல், எது நகல்?"

"அதானே சார் வேலை!" என்றேன். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து அவர் என் தோளில் தட்டியது நேற்றுத்தான். மெஷின் இங்கேயேதான் இருக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

இரண்டில் எது அதிகம் பளிச்சென்று இருந்ததோ அதை உறையில் போட்டு, இன்று காலை முதல் பஸ்ஸிலேயே பால்சாமியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினேன். என்ன தெளிவு என்கிறீர்கள்! தலைமையாசிரியர் பச்சை மையில் போட்ட கையெழுத்துகூடப் பச்சையாகவே விழுந்திருந்தது. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது. அசலை இத்துடன் பத்திரமாக வைத்திருக்கிறேன். செல்லக்கனியை வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்தில் அவள் டீச்சர், இதில் சந்தேகமே வேண்டாம். அக்காவுக்கும் என் தோத்திரம். கர்த்தர் உங்கள் வீட்டு வாசலைச் சமாதானத்தால் நிரப்புவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஞானதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார்கள். "நகல்தானய்யா கேட்டோம்? அசலைக் குடுத்துவிட்ட புண்ணியவான் யாரு?" என்றார்கள். ஓடிவந்து உங்களுக்கு வைத்திருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கையெழுத்து கறுப்பு. நல்ல வேளை, அந்த அம்மாள் தங்கமான மனுஷி. அசலே கையில் இருப்பதால் சரிபார்க்கிற வேலை முடிந்ததாம், திங்கட்கிழமை முதல் ஆளாகச் செல்லக்கனியைக் கூப்பிடுகிறார்களாம், நகலை அன்றைக்குக் கொண்டுவந்தால் போதுமாம். அதனால் இத்துடன் உள்ளதை அசல் என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். அக்காவுக்கு இந்தக் கடிதத்தில் 'திங்கட்கிழமை' என்ற ஒரு வார்த்தையை மட்டும் படித்துக் காட்டுங்கள்.