கறுப்புக் கொடிக்குக் கடுக்காய்

ஆந்திர ராஜ்யம் பிறந்த வருஷம் நகரி கோவர்த்தனன் இரண்டு சபதம் செய்தான். நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்தே தீருவேன் என்றது ஊருக்கு. கள்ளை இனி மோந்துகூடப் பார்க்கமாட்டேன் என்றது பெண்டாட்டி யசோதாவுக்கு. எந்தச் சபதத்தை நினைத்தால் அவனுக்குத் தொடை நடுங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை.

"மறுபடி வாயில வெச்சே, எல்லைக் கூட்டத்துல உன் பேச்ச நான் பேசுவேன்" என்றிருந்தாள் அவள். அப்புறம் மேடை போச்சு, மாலை போச்சு, சோடா போச்சு. கோவர்த்தனனுக்கோ தூக்கத்தில்கூட சோடா உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்குக் கறுப்புக் கொடியும் யசோதா பொறுப்பு. காளஹஸ்திக்காரி. வேர், பட்டை, காய் எதிலும் சாயம் எடுப்பாள். ஊசி பிடித்தால் தையல் கண்ணுக்குத் தெரியாது. பனைவெல்லத்தைக் கரைத்து, துருப்பிடித்த லாடங்களைப் போட்டு, பானை வாயைக் கட்டிப் புளிக்கவிட்டாள்.

"இன்னாமே, கள்ளு வாசன வருது?"

"கொடிக்குச் சாயம்யா. தனியா கீறவரைக்கும் வெறும் வெல்லத் தண்ணி. கடுக்காய்ல முக்கின துணிமேல பட்டாதான் கறுக்கும்."

வெல்லத் தண்ணி மட்டும் அவன் காதில் ஏறியது. கடுக்காய் வாசலிலேயே நின்றுவிட்டது.

அன்று முதல் பானை இளைத்தது. அவன் கண் சிவந்தது.

"யோவ், பானையில பாதி காணோமே?"

"பூனை குடிச்சிருக்கும்."

"கட்ட அவுத்து, டம்ளர்ல மொண்டு குடிச்சிட்டு, திரும்பக் கட்டிட்டுப் போச்சா?"

"ஆந்திரா பூனைமே! நம்ம கொடிய கெடுக்க வந்துகீது! சதி!"

மேடைக் குரலில் முழங்கினான். யசோதா சிரித்தாள். அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

கூட்டத்தன்று காலை ஒரு சொம்பை நீட்டினாள்.

"கடுக்காய்த் தண்ணி. நல்லா கொப்புளி. தொண்டை கணீர்னு இருக்கும்."

பாவம், பூனைக் கதையை நம்பிவிட்டாள்! கொடகொடவென்று கொப்புளித்தான். அவள் கொடிக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்ததும், மேடைப் பயம் தெளிய, பானையில் மொண்டு ஒரே ஒரு டம்ளர் இறக்கினான். இவளுக்குக் கடுக்காய் கொடுப்பது இவ்வளவு சுலபமா!

பக்கத்து வீட்டு துலுக்காணம் மாலையோடு வந்தான்.

"அண்ணே, வண்டி ரெடி. ஒரு கோஷம் போடு, கேப்போம்."

"நகரி நமதே!"

மாலை கீழே விழுந்தது. "ஐயோ! இன்னாண்ணே, வாய்க்குள்ள அமாவாச!"

கண்ணாடிக்கு ஓடினான். நாக்கு, பல், உதடு எல்லாம் கொடிக்கு ஜோடியாகக் கறுப்பு. கடுக்காய் கொடுத்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் பூனைக்கும் இப்டித்தான் கறுத்திருக்கும், தேடலாமா?" என்றாள் யசோதா.

சாம்பல் போட்டுத் தேய்த்தான். புளி, தேங்காய் நார். ம்ஹூம்.

"போவாதுய்யா. காளஹஸ்திச் சாயம்."

துலுக்காணம் ரெண்டடி பின்வாங்கினான். "கருநாக்கு வேற. ஏடாகூடமா எதனா சொல்லி பலிச்சிடப் போவுது. அக்கா, நீயே பேசிடு."

பேசினாள். மாலை அவளுக்கு, சோடாவும் அவளுக்கு. கோவர்த்தனன் கீழே வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு கொடி பிடித்தான்.

"தலைவரு ஏன் பேசல?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

யசோதா மைக்கை இழுத்தாள்.

"நீங்கல்லாம் ஆளுக்கு ஒரு கறுப்புக் கொடிதான் எடுத்தாந்துகீறீங்க. எங்க வூட்டுக்காரரு ரெண்டு எடுத்தாந்துகீறாரு. யோவ், துண்ட அவுத்துட்டு அந்த ரெண்டாவதக் கொஞ்சம் நீட்டு!"