போன வாரக்காரர்

மலைக்கு வருகிறவர்களில் பனியில் சறுக்குகிறவர்கள் உண்டு, சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, சறுக்கவே போகாமல் வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொரு இனம் இருக்கிறது. போன வாரக்காரர். நீங்கள் எப்போது வந்து இறங்கினாலும், உங்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டவர்.

ஜப்பானில், கமிசவா என்கிற மலையூரில் நான் நடத்துகிற விடுதிக்கு நாலு பருவமும் தவறாமல் வருகிற குவாபரா இந்த இனத்தின் தலைமகன். தையல் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் தங்கம். ஆனால் ஜனவரியில், டோக்கியோ பஸ்ஸிலிருந்து புது பூட்ஸோடு குதித்து, வெள்ளை மலையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற பிள்ளைகளிடம் போய், "இதெல்லாம் ஒரு பனியா? போன வாரம் பாத்திருக்கணும், அரிசி மாவு மாதிரி இருந்துச்சு!" என்பார். வசந்தத்தில், உருகுகிற பனியின் ஓரம் வெள்ளைப் பூக்கள் தலைநீட்டினால், அவை போன வாரம்தான் முழுசாகப் பூத்திருந்தன. கோடையில், புல் மூடிய சறுக்குமேட்டின் மேல் லிஃப்டில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, போன வாரம் மேகமே இல்லை. இலையுதிர் காலத்தைக் கேட்கவே வேண்டாம். இலை சிவந்தால் அவர் முகம் கறுக்கும்.

சரி, அவர் போன வாரம் வந்திருந்தாரா? இல்லை. என் விடுதியைத் தவிர அவர் எங்கும் தங்குவதில்லை.

இந்த அக்டோபரில் மனைவியையும் அழைத்து வந்தார். கினுயோ அம்மாளை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். டீ ஊற்றிக்கொண்டே, "ஏம்மா, இத்தனை வருஷமா நீங்க மட்டும் வரவே இல்லையே?" என்றேன்.

"கல்யாணமான கையோட ஒருதடவை வந்தேன் தம்பி. இதே மலைதான். நான் ஆசையா பாத்துட்டு நிக்கிறேன், இவர் பக்கத்துல வந்து, போன வாரம் இன்னும் நல்லா இருந்துச்சுங்கறார். போன வாரம் யாரோட வந்தீங்கன்னு கேட்டேன். இன்னிவரைக்கும் பதில் இல்ல."

குவாபரா டீக்கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"இந்தத் தடவை அந்த வார்த்தை வாயில வரட்டும், அடுத்த பஸ்ல நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

அந்த அம்மாள் சொன்னால் செய்கிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது. மறுநாள் காலை நானும் கூடப் போனேன். மேலே போய்ப் பார்த்தால், உச்சியில் முதல் பனி, நடுவில் சிவப்பும் மஞ்சளும், அடியில் இன்னும் பச்சை. மூன்றும் ஒன்றாக அமைகிற நாள் எங்களுக்கே அபூர்வம். குவாபராவுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

நாகோயாவிலிருந்து வந்த இளஞ்ஜோடி ஒன்று நேராக அவரிடமே வந்தது. "சார், அடிக்கடி வர்றவர்னு சொன்னாங்க. நாங்க சரியான நேரத்துலதான் வந்திருக்கோமா?"

வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. "போன..."

கினுயோ அம்மாள் திரும்பினார். கை தோள்பையின் வாருக்குப் போனது.

"போன... போனைக் குடுங்க, ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுக்கறேன்!"

எடுத்தார். எடுத்த அவசரத்தில் படத்தில் மலை சாய்ந்துதான் விழுந்திருக்கும். கினுயோ அம்மாள் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குவாபராவும் பக்கத்தில் உட்கார்ந்தார். மலையைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"எப்போ?"

"இன்னிக்கு."

அந்த அம்மாள் பையிலிருந்து கீரை அடைத்த பன் ஒன்றை எடுத்துப் பிய்த்து, பெரிய பாதியை அவரிடம் கொடுத்தார்.

மறுநாள் அவர்களை வழியனுப்ப பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வந்த பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி, மலையைப் பார்த்து "ஆகா!" என்றது. கினுயோ அம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் போனார்.

"அடடா, நேத்து வந்திருக்கணும் நீங்க!"

குவாபரா முகத்தில் அப்படியொரு பெருமை!

இந்த வியாதி ஒட்டுவாரொட்டி. அவ்வளவுதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். போகட்டும், உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? "நேத்து வந்திருக்கக் கூடாதா, வஞ்சிர மீன் குழம்பு வெச்சிருந்தோமே!" பிறகு உட்காரவைத்து ரசம் ஊற்றினீர்கள். அவர் முகத்தை ஒருதடவையாவது பார்த்தீர்களா?