மண்டபம் பார்த்துவிட்டேன், சம்பந்தி

மரியாதைக்குரிய சம்பந்தி ஈஸ்வரபாண்டி அவர்களுக்கு, உத்தமபாளையத்திலிருந்து மொக்கைச்சாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ராமுத்தாயும், மாப்பிள்ளைப் பையன் அருண்பாண்டியும், திராட்சைக் கொடியும் சுகம். அங்கே தேனியில் நீங்களும் மருமகள் சினேகாவும் உங்கள் கோம்பை நாயும் சுகமாயிருக்க வீரபாண்டி கௌமாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கல்யாண மண்டபத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று நாலு தடவை போனில் கேட்டீர்கள், நாலு தடவையும் பார்த்தாச்சு என்றேன். பொய். முந்தாநாள்தான் பார்த்தேன். காலை பத்து மணி முதல் சாயங்காலம் ஆறு வரை அணு அணுவாகப் பார்த்தேன், ஏனென்றால் வெளியே விடவில்லை. கைது செய்து அங்கேதான் வைத்திருந்தார்கள். மின்விசிறி ஒன்பது, சுற்றுவது ஆறு. எலுமிச்சைச் சோறு போலீஸ் உபயம், உப்புக் கம்மி.

பதறாதீர்கள். எங்கள் தெருத் தையல்காரி அனுசுயா, குழாயில் வந்த கலங்கல் தண்ணீரைப் படம் பிடித்துப் போனில் போட்டாள். வதந்தி பரப்பினாள் என்று வழக்கு, போனும் பறிமுதல். தண்ணீர் மட்டும் அதே நிறத்தில் வந்துகொண்டிருக்கிறது. வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று கேட்க அவளும் நாங்களுமாக நாற்பது பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றோம். அனுமதியில்லாத கூட்டம் என்று வேனில் ஏற்றிவிட்டார்கள். கல்யாணம் முடிகிறவரை போலீஸ் வம்பு கூடாது, மீறினால் சம்பந்தமே வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ஏறும்போது ஞாபகம் வந்தது. அதற்குள் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இனிமே எந்தக் கூட்டத்துலயும் கலந்துக்க மாட்டேன்னு ஒரு கையெழுத்து. போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க."

நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டேன்: "சார், இருபது நாள்ல இதே மண்டபத்துல எம்மகன் கல்யாணம். ஐந்நூறு பேர் வருவாக. எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டேன்னு எழுதிக் குடுத்தா, பொண்ணோட அப்பா என்னையப் பத்தி என்ன நினைப்பாக?"

"யோவ், அது கல்யாணம்யா!"

"தாள்ல அப்படிப் பிரிச்சுப் போடலையே சார்."

அனுசுயா சிரித்துவிட்டாள். பத்து நாளாக அந்தப் பிள்ளை சிரித்து யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒருத்தரும் பேனாவைத் தொடவில்லை. ஆறு மணிக்கு ஒரு நிச்சயதார்த்த வீட்டார் தாம்பூலத் தட்டோடு வாசலில் வந்து நிற்கவும், எங்களை விட்டுவிட்டார்கள். வழக்கு அப்படியே கிடக்கிறது. திங்கட்கிழமை மறுபடி போய் நிற்போம். உங்கள் வீட்டில் யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. கோபமிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், கறிச்சோறு போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

சினேகாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். குடமும் கொடியும் போல நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: உங்கள் வீட்டில் யாருக்கும் சம்பந்தமில்லை என்று மேலே எழுதியது சரியில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிற உங்கள் வீட்டம்மா கஸ்தூரியம்மாள் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு முன்னால் வேனில் ஏறிவிட்டார்கள். ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டது அவர்கள்தான். கிளம்புகிற அவசரத்தில் இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்த தாளையெல்லாம் பத்திரிகை என்று பையில் வாரிப் போட்டு, கண்ணாடி இல்லாமல் கவரில் செருகி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நேற்று கோம்பை ஊரில் பதினொரு வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டார்கள். இன்று காலை நாலு வீட்டிலிருந்து கையெழுத்துப் போட்டு வந்துவிட்டது.